இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு: கிளினிக்கா, வீடா, முழுநேர மையமா?

ஆபரேஷன் முடிந்ததும் விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எப்போது திரும்ப ஆடலாம்? டாக்டரும் நான்கு மாதம், ஆறு மாதம் என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார், அதோடு மனசு அந்தத் தேதியைப் பிடித்துக்கொள்ளும். அதுவரை வரும் அத்தனை வாரங்களையும் யாரிடம் போய், எந்த இடத்தில், எத்தனை முறை செய்வது என்பதுதான் உண்மையில் நம் கையில் இருக்கும் முடிவு. அதை உட்கார்ந்து யோசித்து எடுப்பவர்கள் குறைவு. பக்கத்தில் எந்த பிசியோ கிளினிக் இருக்கிறதோ அங்கே போவார்கள், அல்லது ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை வைத்து வீட்டிலேயே செய்வார்கள், அணியில் இருப்பவர்கள் அணியின் பிசியோவிடம் தங்களை ஒப்படைத்துவிடுவார்கள்.

இந்த வழிகளைத்தான் ஒப்பிடப் போகிறேன். என் பக்கத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரே வழியில் போக வேண்டியதில்லை. தேர்ந்த ஒருவரின் கண் முதல் சில வாரங்களில் வேண்டும், அப்புறம் கடைசி இரண்டு மூன்று மாதங்களில் வேண்டும், நடுவில் பெரும்பாலும் வீடும் ஜிம்மும் போதும். ஆனால் பலர் செய்வது இதற்கு நேர்மாறு: வலி இருக்கும்வரை வாரம் மூன்று முறை ஓடுவார்கள், நொண்டல் நின்றதும் போவதை நிறுத்திவிடுவார்கள். விளையாட்டுக்கான மறுவாழ்வுப் பயிற்சி தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

முதலில் உள்ளே என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்

"இடுப்பில் ஆபரேஷன்" என்ற ஒரே பேருக்குள் மிகவும் வேறுபட்ட வேலைகள் இருக்கின்றன. இளம் வீரர்களுக்கு அதிகம் நடப்பது ஆர்த்ரோஸ்கோபி, அதாவது சின்னத் துளை வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்வது. தொடை எலும்பின் தலைப்பகுதியிலோ அது பொருந்தியிருக்கும் கிண்ணத்தின் விளிம்பிலோ கூடுதலாக வளர்ந்து உரசும் எலும்பைச் செதுக்கி, கிண்ணத்தைச் சுற்றியிருக்கும் லேப்ரம் என்ற வளையம் கிழிந்திருந்தால் அதைத் தைத்துவிடுவார்கள். இதில் பலர் இரண்டு மூன்று வாரங்கள் ஊன்றுகோலில் இருந்தால் போதும். ஆனால் குருத்தெலும்பு தேய்ந்த இடத்தில் எலும்பில் சின்னச் சின்ன துளைகள் போட்டிருந்தால், அதாவது மைக்ரோஃப்ராக்சர் செய்திருந்தால், அது ஆறு முதல் எட்டு வாரம் வரை போகலாம். மூட்டைச் சுற்றிய உறையை வெட்டி, மறுபடி தைத்து மூடினார்களா இல்லையா என்பதைப் பொறுத்து காலைப் பின்னால் நீட்டுவதற்கும் வெளிப்பக்கம் திருப்புவதற்கும் தடைகள் மாறும்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஆபரேஷன் குறிப்பின் நகல் கையில் இருக்க வேண்டும். அதைப் படிக்காமலே பயிற்சி ஆரம்பிக்கும் பிசியோவிடம் போவதைவிட, அதைப் படித்துவிட்டு மாதம் ஒருமுறை வீடியோவில் பேசுகிறவர் மேல்.

மூட்டு மாற்று அல்லது ரீசர்ஃபேசிங் செய்துகொண்டவர்களின் கணக்கு வேறு. ரீசர்ஃபேசிங்கில் தொடை எலும்பின் தலையை வெட்டி எடுக்காமல் அதன்மேல் உலோகக் கவசம் போடுவார்கள். தலைக்குக் கீழே உள்ள எலும்புக் கழுத்து முதல் சில மாதங்களில் உடையும் ஆபத்து இருப்பதால் குதிப்பதும் ஓடுவதும் தள்ளிப்போகும், நீங்கள் எவ்வளவு பலமாக உணர்ந்தாலும் சரி.

கிளினிக்

வாரம் ஒன்றோ இரண்டோ முறை பிசியோவை நேரில் பார்ப்பது. இதன் பலம் முழுக்க முன்பகுதியில் இருக்கிறது. ஆர்த்ரோஸ்கோபிக்குப் பிறகு மூட்டுக்குள் தழும்புத் திசு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒருவர் உங்கள் காலைத் தூக்கிப் பிடித்து மெதுவாக வட்டமாகச் சுழற்ற வேண்டும், நீங்கள் தசையை இறுக்காமல் சும்மா கிடக்க வேண்டும். இதைத் தனியாகச் செய்ய முடியாது. (வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம், பிசியோவே அதைச் செய்யச் சொல்வார், ஆனால் முதல் இரண்டு மூன்று முறை அவர் கையில் பார்த்துக் கற்க வேண்டும்.) எந்தக் கோணத்தில் முடிவில் தடுக்கிறது, அது வீக்கத்தின் தடையா உறையின் தடையா என்பது தொட்டால்தான் தெரியும், கேமராவில் தெரியாது.

முதல் வாரங்களில் நிறையப் பேர் கெடுத்துக்கொள்வது முன்பக்கத் தசையை. படுத்துக்கொண்டு காலை நேராகத் தூக்குவது எல்லோருக்கும் தெரிந்த எளிய பயிற்சி என்பதால், தாளில் இல்லாவிட்டாலும் தாங்களாகவே செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். மூட்டின் முன்னால் ஓடும் சோயஸ் தசைநார் அதில் எரிச்சலாகிவிட்டால், தொடையிடுக்கில் வரும் அந்த வலி வாரக்கணக்கில் நிற்கும், லேப்ரம் மறுபடி கிழிந்துவிட்டதோ என்ற பயம் வேறு. நேரில் பார்க்கும் பிசியோ இதை இரண்டே நிமிடத்தில் பிடித்துவிடுவார்.

பலவீனம் பின்பகுதியில். சாதாரண கிளினிக்கில் இரண்டு கட்டில், கொஞ்சம் ரப்பர் பட்டை, ஒரு சைக்கிள், ஒரு கண்ணாடி. நடக்க வைப்பதற்கு அது தாராளம். ஆனால் திசை மாற்றி ஓடுவதையும் முழு வேகத்தில் பந்தை உதைப்பதையும் அந்த அறையில் சோதிக்க முடியாது. அதனால் பன்னிரண்டாவது வாரத்தில் ஒற்றைக்கால் குந்தல் அழகாக வந்ததும், "நன்றாக இருக்கிறது, மெதுவாக விளையாட ஆரம்பியுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். மெதுவாக என்றால் எவ்வளவு, எந்த நாள், எத்தனை நிமிடம் என்று யாரும் சொல்வதில்லை.

வீடு

வீட்டிலேயே செய்வதைக் கேவலமாகப் பார்க்கத் தேவையில்லை. முழு இடுப்பு மூட்டு மாற்று செய்துகொண்ட 120 பேரை வைத்து 2017இல் வெளியான ஒரு சோதனையில், வீட்டில் தாங்களாகவே பயிற்சி செய்தவர்களும் முறையாக பிசியோவிடம் போனவர்களும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்தார்கள். இதை எடுத்துக்கொண்டு "பிசியோவே தேவையில்லை" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அங்கே அளந்தது நடப்பது, படி ஏறுவது, அன்றாட வேலை இவற்றைத்தான். ஐந்தாம் மாதம் தடுப்பாட்டக்காரரை ஏமாற்றி வெட்டித் திரும்ப வேண்டியவருக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது.

ஆர்த்ரோஸ்கோபிக்கு நெருக்கமான ஆதாரம் ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து உண்டு, சிறியது, வெறும் 30 பேர். ஒரு குழுவுக்கு ஆபரேஷனுக்கு முன் ஒன்று, பின் ஆறு என ஏழு முறை தனிப்பட்ட பிசியோ, கூடவே வீட்டுப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு அந்தக் கூடுதல் பிசியோ இல்லை. 14ஆவது வாரத்தில் முதல் குழு தெளிவாக முன்னால் இருந்தது, 24ஆவது வாரத்தில் வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. முப்பது பேரை வைத்து எதையும் அடித்துச் சொல்லக்கூடாது. ஆனாலும் எனக்கு அதில் பிடித்தது அந்த ஏழு என்ற எண். வாரம் மூன்று முறை என்று ஐம்பது அறுபது தடவை போகவில்லை. கொஞ்சம் சந்திப்பு, நிறைய சொந்த உழைப்பு.

ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை உடம்பு கேட்பது ஏறக்குறைய இதைத்தான். பிட்டத் தசைக்கு எடை ஏற்றுவது, பாலம் போல இடுப்பைத் தூக்குவது, பக்கவாட்டில் பட்டை கட்டி நடப்பது, படியில் ஏறி இறங்குவது, சைக்கிள். இதெல்லாம் அலுப்பான வேலை, ஆனால் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் தேவையில்லை. தினமும் ஒரு நோட்டில் எழுதினால் போதும்: என்ன செய்தேன், செய்யும்போது வலி பத்துக்கு எத்தனை, மறுநாள் காலையில் எத்தனை. இரண்டு மூன்றுக்குள் இருந்து மறுநாள் அடங்கிவிட்டால் சரி. மறுநாளும் அப்படியே நின்றால் அளவு கூடிப்போயிற்று என்று அர்த்தம்.

வீட்டு வழி யாருக்கு ஆகாது? அதிகமாகச் செய்கிறவர்களுக்கு. சோம்பேறியைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள், விளையாட்டுக்காரர்களிடம் பிரச்சினை பெரும்பாலும் தலைகீழ். பத்து என்று எழுதியிருந்தால் முப்பது செய்வார்கள், இறுக்கமாக இருக்கிறதே என்று முன்தொடையை முரட்டுத்தனமாக இழுத்து விடுவார்கள், அந்த இழுப்பில் மூட்டு உறையின் தையல்தான் மாட்டும். உங்கள் சுபாவம் இதுதான் என்று தெரிந்தால் நடுவாரங்களிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது பிரேக் போடும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதற்கு வீடியோ அழைப்பு தாராளமாகப் போதும். ஒற்றைக்காலில் நிற்கும்போது எதிர்ப்பக்க இடுப்பு சரிகிறதா, முட்டி உள்ளே மடிகிறதா என்பது போன் கேமராவிலேயே தெரியும்.

முழுநேர மையமும் அணியின் பிசியோவும்

சில வாரங்கள் தங்கி, நாள் முழுக்கப் பயிற்சி செய்யும் விளையாட்டு மறுவாழ்வு மையங்கள் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். காற்றழுத்தத்தால் உடல் எடையைக் குறைத்து ஓட வைக்கும் ட்ரெட்மில், நீச்சல் குளம், விசை அளக்கும் தட்டுகள். இவை உண்மையாகவே உதவும். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் காலில் இறங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும், மார்பளவு போனால் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும், அதனால் தரையில் ஓட அனுமதி கிடைப்பதற்குப் பல வாரம் முன்பே ஓட்டத்தின் அசைவைக் கால் ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். தண்ணீரில் இறங்க ஆபரேஷன் காயம் முழுக்க மூடியிருக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், மையத்துக்குப் போகிறவர்கள் ஆபரேஷன் முடிந்த கையோடு போகிறார்கள். முதல் மாதத்தில் மூட்டுக்குத் தேவை ஓய்வும் அளவான அசைவும்தான், எட்டு மணி நேர அட்டவணையில் அதற்கு வேலையே இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் நேற்று சைக்கிளில் முப்பது நிமிடம் போனார் என்பதற்காக நாமும் போகும் போட்டி மனப்பான்மை வேறு அங்கே தானாக வந்துவிடும். அதே மையத்தில் அதே நாட்களை நான்காவது மாதத்தில் செலவழித்தால் வேகம், திருப்பம், குதிப்பு எல்லாவற்றையும் அளந்து பார்க்கலாம். பணமோ விடுமுறையோ ஒருமுறைதான் கிடைக்கும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு பின்னால் தள்ளிப்போடுங்கள்.

அணியின் பிசியோவுக்கு உங்கள் ஆட்டம் தெரியும், மைதானம் அவர் கையில் இருக்கிறது, தினமும் பார்ப்பார். இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, ஒரு விஷயத்தைத் தவிர: அவருக்குச் சம்பளம் கொடுப்பது அணி. அரையிறுதிக்கு ஆள் குறைந்தால் "எப்படி இருக்கிறது?" என்ற கேள்வியின் தொனியே மாறிவிடும். அவர் நல்லவராகவே இருந்தாலும் அந்த அழுத்தத்தை அவரும் தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே பயிற்சி அவரிடம், திரும்ப ஆடலாம் என்ற கையெழுத்து சர்ஜனிடமோ வெளியே உள்ள ஒரு பிசியோவிடமோ என்று முதல் வாரத்திலேயே பேசிவைத்துவிடுவது நல்லது. சீசன் நடுவில் கேட்டால் சண்டை போலத் தெரியும்.

தேதியா, சோதனையா?

இடத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட இது பெரிய பிரிவு. நாட்காட்டியைப் பார்த்துத் திரும்புவதா, குறிப்பிட்ட சோதனைகளைத் தாண்டினால்தான் திரும்புவதா.

தேதியை நம்புகிறவர்கள் நட்சத்திரங்களைக் காட்டுவார்கள். பேஸ்பால் வீரர் அலெக்ஸ் ரோட்ரிகஸ் 2009 மார்ச்சில் இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டு மே மாதமே திரும்பினார், எதிர்கொண்ட முதல் பந்திலேயே ஹோம் ரன். இரண்டு மாதம்! ஆனால் டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் 2023 ஜூனில் ஆபரேஷன் செய்துகொண்டு 2024 ஜனவரியில்தான் பிரிஸ்பேனில் ஒற்றையர் ஆட்டத்துக்குத் திரும்பினார், அங்கே மூன்று ஒற்றையர் ஆட்டம் ஆடியதும் தசையில் சிறு கிழிசல் வந்து ஆஸ்திரேலிய ஓப்பனைவிட்டு விலகினார். ஏழு மாதம், உலகத்தின் சிறந்த கவனிப்பு எல்லாம் இருந்தும், போட்டியின் சுமைக்கு உடம்பு பழகுவதற்குத் தனியாக நேரம் வேண்டியிருக்கிறது.

ரீசர்ஃபேசிங்கில் இன்னும் தெளிவான ஜோடி ஒன்று உண்டு. ஐஸ் ஹாக்கியில் நிக்லாஸ் பாக்ஸ்ட்ராம் 2022 ஜூனில் செய்துகொண்டு 2023 ஜனவரியில் திரும்பினார், அதே ஆண்டு நவம்பரில் ஆட்டத்திலிருந்து ஒதுங்கிக்கொண்டார். பேட்ரிக் கேன் 2023 ஜூனில் செய்துகொண்டு டிசம்பரில் திரும்பினார், தொடர்ந்து ஆடினார். ஒரே ஆட்டம், ஒரே வகை ஆபரேஷன், ஏறக்குறைய ஒரே கால அளவு. தேதியை மட்டும் வைத்து இந்த இருவரில் யாருக்கு என்ன நடக்கும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

எனக்குப் பிடித்த உதாரணம் டென்னிஸ் வீரர் ஆண்டி மரே. 2019 ஜனவரி கடைசியில் ரீசர்ஃபேசிங், ஜூனில் இரட்டையர் ஆட்டத்தில் மட்டும் இறங்கி குவீன்ஸ் கிளப் பட்டத்தை வென்றார், ஒற்றையர் பட்டம் அக்டோபரில் ஆண்ட்வெர்ப்பில். இரட்டையரில் ஓட வேண்டிய தூரம் குறைவு, ஆனால் போட்டியின் பதற்றமும் வேகமும் உண்மையானவை. உங்கள் விளையாட்டிலும் இப்படி ஒரு இடைப்படி இருக்கும், மாற்று ஆட்டக்காரராகப் பதினைந்து நிமிடம், தொடர் ஓட்டத்தில் ஒரு சுற்று, முழுத் தொடர்பு இல்லாத பயிற்சி ஆட்டம், எதுவானாலும். அதைத் திட்டத்திலேயே எழுதி வைப்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், "திரும்பினார்" என்ற வார்த்தை நிறைய மறைக்கிறது. டென்மார்க்கில் 18 முதல் 30 வயதுக்குள் இருந்த 189 விளையாட்டு வீரர்களை ஆர்த்ரோஸ்கோபிக்குப் பிறகு கேட்டபோது, 57 சதவீதம் பேர் பழைய விளையாட்டில் பழைய நிலையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதே 189 பேரில் முழுத் திறனோடு ஆடுகிறேன் என்று சொன்னவர்கள் 17 சதவீதம் மட்டுமே. நடுவில் இருக்கும் அந்தப் பெரிய கூட்டம் ஆடுகிறது, ஆனால் பழையபடி ஆடவில்லை. அதில் பலருக்கு மூட்டு இனி அவ்வளவுதான் என்பதும் காரணமாக இருக்கலாம். கடைசிக் கட்டப் பயிற்சியைப் பாதியில் விட்டதும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

சோதனை என்றால் என்ன கேட்க வேண்டும்? கையில் பிடிக்கும் விசைமானியால் இடுப்பின் பலத்தை எல்லாத் திசைகளிலும் அளந்து, மற்றக் காலில் குறைந்தது 90 சதவீதம் வர வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நல்ல கால் என்று நாம் நினைப்பதும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பலம் இழந்திருக்கும், எலும்பு உரசல் பலருக்கு இரண்டு பக்கமும் உண்டு. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே இரு கால்களையும் அளந்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஒற்றைக்கால் தாவல், திசைமாற்ற ஓட்டம், வாரத்தில் ஓடிய தூரம், இவையெல்லாம் கூடவே. மனசு தயாரா என்று கேட்கும் வினாத்தாள்கள்கூட உண்டு, அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். காலை வைக்க யோசிக்கிறவர் அந்த யோசனையிலேயே தவறாக வைப்பார்.

அப்படியானால் எதை எடுப்பது?

நெடுந்தூரம் ஓடுகிறவர் என்றால் முதல் ஐந்தாறு வாரம் கிளினிக், அப்புறம் வீடு, ஓட்டம் தொடங்கும்போது ஓடுவதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் மூன்று நான்கு சந்திப்பு; மையம் தேவையே இல்லை. கால்பந்து, ஹாக்கி, கூடைப்பந்து என்றால் கடைசிப் பகுதிக்கு மைதானம் உள்ள இடம் கட்டாயம், உதைக்கிறவருக்கு உட்தொடைப் பலம் தனியாகச் சோதிக்கப்பட வேண்டும். படகு வலிப்பவர், பளு தூக்குபவர், ஐஸ் ஹாக்கி கோல்காப்பாளர் மூவரும் இடுப்பை ஆழமாக மடக்கியே பிழைப்பவர்கள், உரசல் வந்ததே அந்த நிலையில்தான். இவர்கள் தங்கள் விளையாட்டை அறிந்த பிசியோவுக்காகக் கொஞ்சம் தூரம் போனாலும் தப்பில்லை. நடனம், ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களுக்கு வளைவு ஏற்கெனவே அதிகம், அவர்களுக்கு வேண்டியது பிடிப்பும் பலமும், இன்னும் இழுத்துவிடுகிறேன் என்கிறவரிடம் போகக்கூடாது.

எந்த வழியில் இருந்தாலும் சில அறிகுறிகள் வந்தால் பிசியோ கணக்கை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே, அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். திடீரென்று மூச்சுத் திணறல், மார்பு வலி என்றால் நேராக அவசரப் பிரிவு. காய்ச்சலோடு காயத்தில் கசிவு, இரவில் கூடிக்கொண்டே போகும் வலி, கால் திடீரென்று பிடியற்றுப் போவது, இவற்றுக்கும் காத்திருக்கக்கூடாது.

கடைசியாக, ஆபரேஷன் தேதி குறித்த அன்றே இன்னும் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள், 14ஆவது வாரத்தில் ஒன்று, 18ஆவது வாரத்தில் ஒன்று. அளந்து பார்க்கும் வசதி உள்ள இடத்தில் நேரம் வாங்கி, முடிந்தால் முன்பணமும் கட்டிவிடுங்கள். அந்த வாரங்களில் வலி இருக்காது, நொண்டல் இருக்காது, போக வேண்டும் என்றே தோன்றாது.